அகத்தா மிதித்த மண்

பங்களா மேட்டில் மூங்கில் முளைகள் வரிசையாக அடித்திருந்ததைப் பார்த்ததும் அகத்தா களை வெட்டுவதை நிறுத்தினாள். மேட்டின் தலையில் ஒரு வரிசை, அடியில் ஒரு வரிசை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மூன்றாவது வரிசை ஒன்று மேட்டைவிட்டு இறங்கி, பக்கத்துப் பள்ளத்துக்குள் நுழைந்து, நேராக அவளுடைய கிணற்றைப் பார்த்து வந்துகொண்டிருந்தது!

ஆமாம், அவளுடைய கிணறுதான். தோட்டத்துக்குப் பாத்தியதை இருக்கலாம், துரைக்கு இருக்கலாம். ஆனால் அந்த இடத்தைக் காட்டியது அகத்தா. முதல் மண்வெட்டு போட்டது அகத்தா.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்று. கெடாவில் லூனாஸுக்குப் பக்கத்தில் காட்டை அழித்துக் கித்தா என்கிற ரப்பர் மரம் நட்டுக்கொண்டிருந்த காலம். அந்தத் தோட்டத்துக்குக் காகிதத்தில் ஏதோ வெள்ளைக்காரப் பெயர் இருந்தது. நம்முடைய ஆட்கள் வாயில் அது நுழையவில்லை. மரமெல்லாம் போய் மொட்டையாக நின்றதால் மொட்டைமேடு என்று வைத்துவிட்டார்கள்.

அகத்தா ராமநாதபுரம் பக்கத்துக்காரி. அவள் குடும்பம் கண்மாய் வெட்டுகிற குடும்பம். மழை பெய்யாத சீமையில் கண்மாய் வெட்டுவதும், தூர் எடுப்பதும், கரை கட்டுவதும்தான் அவர்கள் பிழைப்பு. நடக்கப் பழகிய நாளிலிருந்து மண் சுமந்தவள். புருஷன் சிரிலோடும் மூன்று வயது மகள் கேதரினோடும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தாள்.

வந்த முதல் வருஷம், கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்து ஜனங்கள் குடித்தது ஆற்றுத் தண்ணீர். மேலே காடு அழிக்கிறவர்கள் குளிக்கிற ஆறு அது! வயிற்றுப்போக்கில் பதினோரு பேர் போனார்கள். கேதரின் ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. பத்தாம் நாள் அவள் கண் திறந்து "பசிக்குதும்மா" என்றதும் அகத்தா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்குப் போனாள். எல்லா இடமும் காய்ந்து கிடந்தபோது அந்த ஒரு மூலையில் மட்டும் பெரணிச் செடி பச்சையாக நின்றதை அவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள். ராக்காயியும் பாப்பம்மாவும் கூட வந்தார்கள். பதினாலடியில் ஊற்றுக்கண் பீறிட்டது! அகத்தா கிணற்று விளிம்பில் ஒரு சிலுவை கீறினாள். ராக்காயி அதற்குப் பக்கத்திலேயே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். அதற்குப் பிறகு லயத்தில் ஒரு பிள்ளைகூட வயிற்றுப்போக்கில் சாகவில்லை. ஒன்றுகூட!

அந்தக் கிணற்றை நோக்கித்தான் இப்போது முளை வருகிறது.

முளை அடித்துக்கொண்டிருந்தவர் கிராணி ஆர்தர், தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. பினாங்குப் பள்ளிக்கூடத்தில் படித்த இருபத்துநாலு வயதுப் பிள்ளை. வெள்ளைக் காற்சட்டை, காலில் சப்பாத்து, காதிடுக்கில் பென்சில். பிசகான மனுஷர் இல்லை. கணக்கு என்றால் மட்டும் அவருக்கு ஒரு தனி மயக்கம்.

"கிராணி ஐயா, இது என்னங்கய்யா?" என்று அகத்தா ஓடிப்போய்க் கேட்டாள்.

"துரைசானி வரப் போறாங்க அகத்தா! சீமையிலிருந்து கப்பல் ஏறியாச்சாம். அவங்களுக்காக பங்களா முன்னாடி ஒரு புல்தரை, சுத்தி ரோசாச் செடி. மேடு பூரா மேசை மாதிரி சமமா இருக்கணும்னு துரை உத்தரவு. இந்தா பாரு, நானே கணக்கு போட்டுட்டேன்!" ஆர்தர் காகிதத்தைக் குழந்தையைத் தூக்கிக் காட்டுவதுபோலக் காட்டினார். "அகலம் நூறடி. மேலிருந்து கீழ அறுபதடி. மேல் ஓரம் கீழ் ஓரத்தைவிட ஆறடி உசரம். எல்லாத்தையும் கீழ் ஓரத்து மட்டத்துக்கு வெட்டி எறிஞ்சா சமதரை. சரிவா இருக்குறதால அறுபதை ஆறால பெருக்கி அதுல பாதி. நூத்தி எண்பது. அதை நூறால பெருக்கினா பதினெட்டாயிரம் கன அடி மண்ணு!"

"வெட்டுற மண்ணு எங்கங்கய்யா போகும்?"

"பள்ளத்துல. அதையும் அளந்துட்டேன். பதினெட்டாயிரத்து ஐந்நூறு பிடிக்கும். உன் கிணத்துக்குப் பத்தடி முன்னாடியே மண்ணு நின்னுடும். பயப்படாத."

அகத்தா பள்ளத்தைப் பார்த்தாள். மேட்டைப் பார்த்தாள். அவளுக்கு எழுதத் தெரியாது, பெருக்கத் தெரியாது. ஆனால் பதினெட்டாயிரமோ பதினெட்டோ, ஒன்று மட்டும் எலும்பிலேயே தெரியும்.

"நிக்காதுங்கய்யா. வெட்டுன மண்ணு வெட்டுன அளவுல நிக்காது. உப்பிரும். பூமியில நாலு கூடையா இருந்தது வெளிய வந்தா அஞ்சு கூடை ஆயிரும்."

ஆர்தர் வாய்விட்டுச் சிரித்தார். "பூமி என்ன குட்டியா போடும்?"

பின்னால் நின்ற கங்காணி பரஞ்சோதியும் சிரித்தார். "ஐயா எட்டாம் வகுப்பு வரைக்கும் இங்கிலீசு படிச்சவரு. இவ வந்துட்டா கணக்குச் சொல்ல! போ, போய் களை வெட்டு."

"கங்காணி, கெணறு மூடிக்கிட்டா நீங்களும் ஆத்துத் தண்ணிதான் குடிக்கணும். ஞாபகம் வச்சுக்குங்க" என்றாள் அகத்தா. பரஞ்சோதியின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்தப் பதினோரு பேரில் அவருடைய தம்பியும் ஒருவன்.

"காட்டுறியா?" என்றார் ஆர்தர். கேலியாகத்தான் கேட்டார். ஆனாலும் கேட்டாரே, அதுதான் அவருடைய நல்ல குணம். "நீ சொல்றதைக் கண்ணால காட்டு. நாளைக்குக் காலையில வெட்டு ஆரம்பம். அதுக்குள்ள காட்டு."

அன்று மத்தியானச் சோற்று நேரத்தில் மேட்டின் ஓரத்தில் கூட்டம் கூடிவிட்டது. சிரில் மட்டும் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். "ஏ புள்ள, வம்பு வேணாம். கிராணியோட மோதி நாம வாழ முடியுமா?"

"நான் எங்க மோதுறேன்? குழிதான் வெட்டப் போறேன். தள்ளி நில்லு, காலுல விழுந்திரும்."

மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். அகத்தா வெட்டினாள், ராக்காயியும் பாப்பம்மாவும் அள்ளி வெளியே குவித்தார்கள். குழியின் சுவர் அரிவாளால் சீவினதுபோல நின்றது. ஆர்தர் கோலை விட்டு அளந்து பார்த்துத் தலையாட்டினார். "மூணு மூணு மூணு. இருபத்தேழு கன அடி. சரி, இப்ப எடுத்த மண்ணைத் திரும்பப் போடுங்க. மிஞ்சுதான்னு பார்க்கலாம்."

மூவரும் கூடை கூடையாகக் கொட்டினார்கள். ராக்காயிக்குப் பாட்டு வந்துவிட்டது. வேலை என்றால் அவளுக்குப் பாட்டு இல்லாமல் கை ஓடாது. மூவரும் பாட்டோடு குழிக்குள் இறங்கிக் கொட்டி, பாட்டோடு ஏறி, மறுபடி அள்ளி வந்தார்கள். சுற்றி நின்றவர்கள் தாளம் போட்டார்கள்.

கடைசிக் கூடையும் உள்ளே போனது. அகத்தா பெருமையோடு குனிந்து பார்த்தாள்.

மண் மிஞ்சவில்லை. ஒரு கைப்பிடிகூட மிஞ்சவில்லை. குழி விளிம்புக்கு இரண்டு விரல் கீழேயே நின்றது!

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு வெடித்தது. "அஞ்சு கூடை ஆகும்னா! நாலுகூட ஆவலையே!" என்று ஒருவன் கத்தினான். "ஒரு கூடையை அகத்தா தின்னுட்டா!" என்றான் இன்னொருவன். ஆர்தர் அவமானப்படுத்தவில்லை. தோளைக் குலுக்கி, "பாத்தியா? கணக்கு கணக்குதான்" என்று மென்மையாகச் சொல்லிவிட்டு நடந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அகத்தாவின் முகம் செத்துவிட்டது. எத்தனை கண்மாய்! எத்தனை ஆயிரம் கூடை! ஒவ்வொரு தடவையும் மண் உப்பியதைக் கண்ணால் கண்டிருக்கிறாளே! இந்தச் சீமை மண் வேறு மாதிரியா? கடல் தாண்டினால் மண்ணுக்குக்கூடப் புத்தி மாறிவிடுமா?

களை வெட்டு முடிந்ததும் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். இன்னும் ஒரு மாதத்தில் இந்தக் கிணறு இருக்குமோ இருக்காதோ என்று நினைத்துக்கொண்டே தண்ணீரை ஊற்றினாள். பக்கத்தில் ராக்காயியும் பாப்பம்மாவும் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூன்று ஜோடிக் கால்களிலிருந்தும் செக்கச் செவேலென்று தண்ணீர் ஓடியது. கணுக்கால் வரைக்கும் சிவப்பு. விரலிடுக்கெல்லாம் சிவப்பு.

அகத்தா சொம்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடியே ராக்காயி. நாம கூடையிலதான மண்ணு சுமந்தோம்?"

"பின்ன மடியிலயா சுமந்தோம்?"

"அப்ப காலுல எப்படிடி இம்புட்டு மண்ணு?"

"கொட்டுனா மிதிக்க மாட்டமா? கொட்டிட்டு மிதிக்காம எவ வருவா?" ராக்காயி சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த காலைத் தேய்த்தாள். பிறகுதான் அவளுக்கும் உறைத்தது. தேய்த்த கை நின்றது. வாய் திறந்தது.

மிதித்திருக்கிறார்கள்! கண்மாய்க் கரை கட்டுகிற ஜனம் மண்ணைக் கொட்டினால் இடது குதிகால், வலது குதிகால் என்று இரண்டு மிதி மிதித்துவிட்டுத்தான் திரும்பும். அம்மா மிதித்தாள், அத்தை மிதித்தாள், இவர்களும் மிதித்தார்கள். மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள்? அதுபோல இந்த மிதியையும் யாரும் கவனித்ததில்லை. பாட்டோடு பாட்டாக, அந்தச் சின்னக் குழியில், அத்தனை கூடை மண்ணையும் இந்த மூன்று பேரும் கரை கட்டுவதுபோல மிதித்து இறுக்கி விட்டிருக்கிறார்கள்!

"நம்ம காலே நம்மளைக் காட்டிக் குடுத்துருச்சுடி!" என்று கத்திய அகத்தா, ஈரக் காலோடு ஆப்பீஸை நோக்கி ஓடினாள். ஓடும்போதே சிரித்தாள். சிரிப்பில் மூச்சு இரைத்தது.

ஆர்தர் மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு நெற்றியைச் சுருக்கினார். "அகத்தா, ஒரு தடவை காட்டியாச்சு. மறுபடியுமா?"

"மறுபடியுந்தான். ஆனா இந்தத் தடவை நாங்க யாரும் மண்ணைத் தொட மாட்டோம். நீங்க கொட்டுங்க."

"நானா?"

"எங்க காலு கரை கட்டிப் பழகுன காலுங்கய்யா. சொன்னாலும் கேக்காது. உங்க காலு சப்பாத்துக் காலு. அதுக்கு மிதிக்கத் தெரியாது."

ஆர்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் கிணற்றைக் காப்பாற்றியது என்று நான் சொல்வேன்!

மறுநாள் காலை பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் எல்லாரும் மேட்டுக்கு வந்தார்கள். பழைய குழிக்குப் பக்கத்தில், கைபடாத தரையில், அதே அளவில் வேறு ஆட்கள் இன்னொரு குழி வெட்டினார்கள். இந்தத் தடவை ஆர்தர் ஒவ்வொரு கூடையையும் எண்ணினார். விளிம்போடு வழித்துவிட்ட கூடை. மொத்தம் அறுபத்தைந்து கூடை வெளியே வந்தது.

பிறகு கிராணி ஆர்தர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கூடையைத் தூக்கி, குழி விளிம்பில் நின்றே கொட்டினார். ஜனங்கள் அதிசயமாகப் பார்த்தார்கள். கிராணி மண் சுமந்ததை அந்தச் சுற்று வட்டாரத்தில் எவன் பார்த்திருக்கிறான்? பத்தாவது கூடையில் வியர்த்தது. இருபதாவதில் வெள்ளைக் காற்சட்டை காவியாகிவிட்டது. சிரில் மனசு கேட்காமல் கைகொடுக்கப் போனான். "நீ கரை கட்டுன ஆளு. தள்ளு!" என்று ஆர்தரே விரட்டினார். ராக்காயி ஒரு ஓரமாக நின்று ஒரு காலால் இன்னொரு காலை மிதித்துக்கொண்டிருந்தாள். "அய்யோ, அப்படியே பொலபொலன்னு கெடக்கே! பாக்க முடியலையே! ஒரே ஒரு மிதி மிதிச்சுட்டு வந்துரட்டா?"

"அசைஞ்ச, கொன்னுருவேன்" என்றாள் அகத்தா.

ஐம்பதாவது கூடையில் குழி நிரம்பத் தொடங்கியது. ஐம்பத்திரண்டாவது கூடை விளிம்பைத் தொட்டது. ஆர்தர் நிமிர்ந்து பார்த்தார். இன்னும் பதின்மூன்று கூடை மண் வெளியே குவிந்து கிடந்தது!

அவர் காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்தார். ஐம்பத்திரண்டு போன இடத்தில் அறுபத்தைந்து. பதின்மூன்று நாலு ஐம்பத்திரண்டு. பதின்மூன்று ஐந்து அறுபத்தைந்து. "நாலுக்கு அஞ்சு" என்று முணுமுணுத்தார். "சொன்ன மாதிரியே நாலுக்கு அஞ்சு!" பிறகு வேகவேகமாக எழுதினார். "பதினெட்டாயிரம், இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு ஆயிடும். பள்ளம் பிடிக்கிறது பதினெட்டாயிரத்து ஐந்நூறு. மிச்சம் நாலாயிரம்..." அவர் பள்ளத்தின் வாயைப் பார்த்தார். அங்கே கிணறு. "நாலாயிரம் அடி மண்ணு! அதை வச்சு இந்த மாதிரி இருபது கிணத்தை மூடலாம்!"

கங்காணி பரஞ்சோதி தலைப்பாகையைக் கழற்றினார். "எந்தம்பி சத்தியமா சொல்றேன், நேத்து நான் சிரிச்சிருக்கக் கூடாது தாயி."

அப்போதுதான் துரை வந்தார். சிவந்த முகம், கையில் பிரம்பு, கூட ஒரு நாய். தமிழ் படித்துப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். ஆண்பால் பெண்பால் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

"கிராணி! ஏன் உன் உடுப்பு அழுக்கு? பொம்பளே என்ன சொல்றான்?"

ஆர்தர் இங்கிலீசில் படபடவென்று சொன்னார். துரை இரண்டு குழியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்று பள்ளமாக இறுகிக் கிடந்தது, மற்றது நிரம்பி வழிந்தது. அவருக்கும் கிணறு வேண்டும். ஆள் செத்தால் தோட்டம் ஓடாது. ஆனால் துரைசானிக்குப் புல்தரையும் வேண்டும். "ரெண்டும் வேணும்" என்றார் பிடிவாதமாக. "வேற பள்ளம் எங்கே?"

வேறு பள்ளம் அரை மைல் தள்ளி. சுமந்து போக ஆறு மாதம் ஆகும். ஆர்தர் உதட்டைக் கடித்தார்.

அகத்தாவோ மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள் ஏதோ குறுகுறுத்தது. மிதித்தால் மண் அடங்குகிறது. அடங்கினால் நிற்கும். நின்றால் அதன்மேல் ஆளும் நிற்கலாம். கண்மாய்க் கரைமேல் மாட்டு வண்டியே போகிறதே!

"ஐயா, துரைகிட்ட ஒண்ணு கேளுங்க. எதுக்கு எல்லாத்தையும் வெட்டணும்?"

"சமதரை வேணும்ல?"

"மேல் ஓரம் ஆறடி உசரம். அதுல பாதி வரைக்கும் மட்டும் வெட்டுங்க. வெட்டுன மண்ணை வெளிய எறியாதீங்க. அதே மேட்டுல கீழ் ஓரத்துலயே போட்டு மிதிச்சு அதை மூணடி ஒசத்துங்க. மேல மூணடி எறங்கும், கீழ மூணடி ஏறும். நடுவுல வந்து சேந்துக்கிரும். பள்ளம் எதுக்கு?"

ஆர்தர் அவளையே பார்த்தார். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து, தொடையில் காகிதத்தை வைத்து எழுதினார். "மேல்பாதி மட்டும்னா நீளம் முப்பது. உசரம் மூணு. பெருக்கிப் பாதி, நாற்பத்தஞ்சு. நூறால பெருக்கினா..." பென்சில் நின்றது. மறுபடி முதலிலிருந்து போட்டார். மறுபடியும் அதே விடை. எழுந்து குதித்தார், சத்தியமாகக் குதித்தார்! "நாலாயிரத்து ஐந்நூறு! பதினெட்டாயிரம் இல்ல அகத்தா, வெறும் நாலாயிரத்து ஐந்நூறு! நாலுல ஒரு பங்கு! கீழ நிரப்ப வேண்டியதும் சரியா அதே நாலாயிரத்து ஐந்நூறு! ஒரு கூடை வெளிய போகவேண்டாம்!"

"ஒரு நாலு விரக்கடை கூடவே வெட்டுங்கய்யா. மிதிச்சா மண்ணு பழைய அளவைவிடவும் கொஞ்சம் அடங்கிரும். நேத்துக் குழியைப் பாத்தீங்கல்ல?"

"அதையும் சேர்த்துக்குறேன்! எல்லாத்தையும் சேர்த்துக்குறேன்!"

துரை மட்டும் சிரிக்கவில்லை. பிரம்பால் கீழ் ஓரத்தைக் காட்டினார். அதற்கு நேர் கீழே பள்ளம், பள்ளத்தின் வாயில் கிணறு. "மழே வந்தா? புது மண்ணு சரிஞ்சா? கிணறு மேலே விழும்."

எல்லாரும் அகத்தாவைப் பார்த்தார்கள். துரை சொன்னது நியாயம். சரிந்தால் கிணறு மட்டுமா போகும்? அதை மூடியது அகத்தாவின் வாய் என்று ஆகிவிடும். சிரில் அவள் கையைப் பிடித்தான். இந்தத் தடவை இழுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டான்.

"சரியாது தொரை" என்றாள் அகத்தா. மற்றக் கையால் கீழ் ஓரத்தைக் காட்டினாள். "எங்க ஊருல தண்ணியே இந்தப் பக்கம் முட்டிக்கிட்டு நிக்கும், கரை அசையாது. ஒரு சாண் மண்ணு போடணும், தண்ணி தெளிக்கணும், மிதிக்கணும். அப்பறந்தான் அடுத்த சாணு. அவசரப்படக் கூடாது. நான் சொல்ற மாதிரி செய்யவிடுங்க."

துரை நாயின் தலையைத் தடவினார். மேட்டைப் பார்த்தார். "சரி" என்றார். "அவன் சொல்ற மாதிரி செய்."

அடுத்த பதினெட்டு நாளைப் பற்றி எப்படிச் சொல்வேன்! களை வெட்டுக்காரிகள் நாற்பது பேர் மண் வேலைக்கு வந்தார்கள். வெட்டுகிற பக்கம் நாலு இடத்தில் மண்ணை வெட்டாமல் தூண்போல விட்டாள் அகத்தா. எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. கிராணி வந்து தூணை அளந்தால் போதும், கணக்கு கண்ணில் தெரியும். ஆர்தருக்கு அந்தச் சாட்சித் தூண்கள்மேல் காதலே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலு தடவை கோலோடு வந்து நின்றார்.

நிரப்புகிற பக்கம்தான் திருவிழா. முதலில் புல்லை வேரோடு செதுக்கி எடுத்து, சரிவைப் படிப்படியாக வெட்டினார்கள், புது மண் வழுக்காமல் பிடித்துக்கொள்ள. பிறகு ஒரு சாண் மண். பாப்பம்மா கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்திக் கொடுக்க, வரிசையாகக் கை மாறி மேலே வந்தது. தெளித்ததும் நாற்பது பேரும் தோளோடு தோள் சேர்ந்து இடது குதிகால், வலது குதிகால்! ராக்காயி பாட்டுக் கட்டினாள். "சப்பாத்துக் காலு சாமிக்கு, மிதிக்கத் தெரியலையாம்" என்று அவள் எடுத்துக் கொடுத்ததும் மொத்தக் கூட்டமும் கிராணியைப் பார்த்துச் சிரித்தது. மூன்றாம் நாள் ஆர்தர் சப்பாத்தைக் கழற்றி ஒரு ஓரமாக வைத்துவிட்டு வரிசையில் வந்து நின்றுவிட்டார்!

"அப்படியில்லங்கய்யா, விரல ஊனக் கூடாது. குதிகாலு, குதிகாலு" என்றாள் ராக்காயி.

"இப்படியா?"

"இது கோழி கெளர்ற மாதிரி இருக்கு."

ஆண்கள் காட்டு மரத்துண்டுக்குக் கைப்பிடி வைத்துத் திமிசுக் கட்டை செய்து, ஓரங்களை இடித்து இறுக்கினார்கள். அகத்தா ஒவ்வொரு சாண் மண்ணையும் சுற்றி வந்தாள். குதிகாலால் குத்திப் பார்ப்பாள். குழி விழுந்தால் அந்த இடம் மறுபடி. "தாயி, போதாதா?" என்று பரஞ்சோதி கேட்டால், "கெணத்தைக் கேளுங்க" என்பாள். பதினெட்டாம் நாள் வெளிச்சரிவில் புல்கட்டிகளைப் பதித்து முடித்தார்கள். ஆர்தர் ஒரு நீள மூங்கிலை இரண்டாகப் பிளந்து, தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்தார். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடவில்லை. சமம்!

துரைசானி வருவதற்கு முன்னால் மழை வந்துவிட்டது.

அன்று பின்னேரம் ஜெராய் மலைப் பக்கம் கறுத்தது. கறுத்த வேகத்தில் கொட்டியது. கெடா மழையைக் கேட்க வேண்டுமா! ஓலைக்கூரை அதிர்ந்தது. பாரிட் வாய்க்கால் எல்லாம் நிரம்பித் தண்ணீர் சாலைக்கு ஏறியது. கூப்பிடாமலேயே லயத்து ஜனம் முழுக்கத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மேட்டடிக்கு ஓடியது. அகத்தா எல்லாருக்கும் முன்னால் போய்க் கரைக்குக் கீழே, கிணற்றுக்கு மேலே, நடுவில் நின்றுகொண்டாள்.

"அடியே, தள்ளி வாடி! சரிஞ்சா உன் தலைமேலதான்!" என்று ராக்காயி கத்தினாள்.

"சரியாது!" என்று அவள் திரும்பக் கத்தினாள். ஆனால் கண் கரையைவிட்டு அசையவில்லை. கை தன்னால் நெற்றியில் சிலுவை போட்டது.

புதுப் புல்தரையில் விழுந்த தண்ணீர் விளிம்புக்கு வந்து, புல்கட்டிகளின்மேல் நூல் நூலாக வழிந்தது. ஒரு இடத்தில் ஒரு கட்டி கழன்று உருண்டு வந்தது. கூட்டம் பின்வாங்கியது. அகத்தா ஏறிப்போய் அந்த இடத்தில் கையை வைத்தாள். உள்ளே மண் கல்போல நின்றது. உருண்டு வந்த கட்டியை எடுத்து அதே இடத்தில் வைத்துக் குதிகாலால் ஒரே மிதி. அவ்வளவுதான்!

அரை மணி நேரம் கொட்டியது. கரை ஒரு விரல்கூட அசையவில்லை.

மழை ஓயத் தொடங்கியபோது அகத்தா கிணற்றடிக்கு இறங்கினாள். வாளியை விட்டாள். மேலே புல்தரையின் விளிம்பில் நனைந்து நின்ற ஆர்தர் வாயைக் குவித்துக் கத்தினார். "அகத்தா! என்ன நிறம்? தண்ணி என்ன நிறம்?"

அவள் வாளியை இழுத்தாள். உள்ளே பார்த்தாள். வாளியின் அடி தெரிந்தது, ஆணித் தலை வரைக்கும் தெரிந்தது. இரண்டு கையால் அள்ளி ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு ஓடி வந்து அவள் சாக்குக்குள் ஒண்டிக்கொண்ட கேதரினுக்கு ஒரு மடக்கு ஊட்டினாள்.

"நிறமே இல்லங்கய்யா!" என்று மேலே பார்த்துக் கத்தினாள் அகத்தா. "எறங்கி வாங்க, வந்து குடிங்க!"

ஆர்தர் வழி தேடவில்லை. நேராக அந்தக் கரைமேலேயே குதிகால் ஊன்றி இறங்கி ஓடி வந்தார்.